ஏல அறிவிப்புக்கு முந்தைய நாட்கள்

தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களில் ‘சுவாதீன அறிவிப்பு’ என்ற தலைப்போடு கால் பக்கமும் அரைப் பக்கமுமாக வங்கி விளம்பரங்கள் வருகின்றன. கடன் வாங்கியவர் பெயர், இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்ட மனைவியின் பெயர், பாக்கித் தொகை, சர்வே எண், சதுர அடி, பிறகு நான்கு எல்லைகள்: வடக்கில் இன்னாருடைய மனை, தெற்கில் 20 அடி அகலப் பாதை. கிரயப் பத்திரத்தில் இருந்ததை அப்படியே எடுத்து அச்சிட்டிருப்பார்கள். அந்தத் தெருக்காரர் யார் படித்தாலும் எந்த வீடு என்று உடனே தெரிந்துவிடும். சுவாதீனம் எடுத்த 7 நாட்களுக்குள் இரண்டு நாளிதழ்களில் இதை வெளியிட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும் என்பது விதி.

இந்த விளம்பரம் ஒரே நாளில் வந்து விழுவதில்லை. முதல் டியூ தவறிய நாளிலிருந்து எண்ணினால், சட்டப்படியே ஏறக்குறைய 5 மாதம் ஆகும். நடைமுறையில் அதற்கு மேலும் ஆகிறது. வீடு மட்டும் போகுமா, வீட்டோடு மற்ற எல்லாமும் சேர்ந்து போகுமா என்பது அந்த மாதங்களில்தான் முடிவாகிறது. அப்போது வழக்கமாக என்ன நடக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். முதலில் நகை அடகுக்குப் போகிறது. அடுத்து நண்பரிடம் கைமாற்று, பிறகு கிரெடிட் கார்டு, கைபேசிச் செயலிக் கடன், கடைசியில் தண்டலும் மீட்டர் வட்டியும். ஆண்டுக்கு 9 சதவீத வட்டியுள்ள கடனின் தவணையைக் கட்ட, நூற்றுக்கு 3 ரூபாய் மாத வட்டிக்கு, அதாவது ஆண்டுக்கு 36 சதவீதத்துக்குக் கடன் வாங்குகிறார்கள். சொந்தபந்தத்துக்குத் தெரியக்கூடாது என்று தொடங்கிய மறைப்பு வங்கியிடமும் தொடர்கிறது. பதிவுத் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்புகிறார்கள். திருப்பி அனுப்பியதால் நோட்டீஸ் இல்லாமல் போவதில்லை. கதவில் ஒட்டியும் பத்திரிகையில் போட்டும் அதைச் சேர்ப்பித்ததாகக் காட்ட விதிகள் வழி தருகின்றன.

வீட்டை வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை எல்லாம் தீர்ந்த பிறகு கேட்பதுதான் பெரிய இழப்புக்குக் காரணம். முதல் டியூ தவறும் மாதத்திலேயே காகிதத்தில் கணக்குப் போட்டு அதைக் கேட்க வேண்டும். பல குடும்பங்களுக்கு நேர்மையான பதில், ‘வங்கி விற்பதற்கு முன் நாமே விற்றுவிடலாம்’ என்பதாகவே இருக்கும். இதைச் சொல்வது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அதைச் சொல்லாமல் விடுவதன் விலையை அந்தக் குடும்பமே கொடுக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 30 லட்சம் ரூபாய் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை 26,992 ரூபாய். முதல் மாதத் தவணையில் 22,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 4,492 ரூபாய். ஒரு டியூகூடத் தவறாமல் 5 ஆண்டு கட்டினால், கட்டிய மொத்தம் 16 லட்சத்து 19 ஆயிரத்துக்கு மேல். அசலில் குறைந்திருப்பது ஏறக்குறைய 3 லட்சத்து 39 ஆயிரம்தான். இன்னும் 26 லட்சத்து 61 ஆயிரம் நிற்கும். ‘16 லட்சம் கட்டியாகிவிட்டது, இப்போது போய் விடுவதா’ என்ற எண்ணம்தான் எல்லாத் தவறான முடிவுகளுக்கும் தாய். அந்த 16 லட்சத்தில் பெரும்பகுதி வட்டியாகப் போய்விட்டது. வீட்டை வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது திரும்பப் போவதில்லை.

குடும்பத்துக்கு உண்மையில் சொந்தமாக இருப்பது வேறொரு தொகை. இன்று நிதானமாக விற்றால் வீடு என்ன விலைக்குப் போகும், அதிலிருந்து வங்கிப் பாக்கியைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். அதே வீடு 50 லட்சத்துக்குப் போகும் என்றால், மிஞ்சுவது 23 லட்சத்துச் சொச்சம். காப்பாற்ற வேண்டியது இந்தத் தொகையைத்தான். டியூ கட்டாமல் விடும் ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 20 ஆயிரம் ரூபாய் வட்டி இந்தத் தொகையைத் தின்கிறது. அதன்மேல் அபராதக் கட்டணம், இசிஎஸ் பவுன்ஸ் ஆனதற்கான கட்டணம், வக்கீல் நோட்டீஸ் செலவு, மதிப்பீட்டாளர் கட்டணம், பத்திரிகை விளம்பரச் செலவு என்று எல்லாமே கடன் கணக்கில் ஏறும். 3 வட்டிக்கு வாங்கிய வெளிக்கடனும் சேர்ந்தால், ஓராண்டுக்குள் அந்த 23 லட்சத்தின் கணிசமான பகுதி யார் யாருக்கோ போய்விடும்.

அடுத்து, வந்திருப்பது எந்த வகைக் கஷ்டம் என்று பார்க்க வேண்டும். வட்டி விகிதம் ஏறியதால் வந்த நெருக்கடி ஒரு வகை. 2022 மே மாதத்துக்கு முன் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்துக்கு வந்தது. 6.75 சதவீத வட்டியில் 30 லட்சத்துக்கு 20 ஆண்டுக் கடன் வாங்கியவருக்குத் தவணை 22,811 ரூபாய். வட்டி 9.25 சதவீதமானபோது அந்தத் தவணை கிட்டத்தட்ட முழுவதும் வட்டிக்கே போயிற்று. அசல் அசையவே இல்லை. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் செய்வதா என்று தேர்வு செய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று உத்தரவிட்டது. புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் குறைந்த வட்டி தரும் வங்கி, பழைய வாடிக்கையாளர் எழுதிக் கேட்காதவரை தானாக வட்டியைக் குறைப்பது அபூர்வம். எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வேறு வங்கிக்கு ‘டேக் ஓவர்’ செய்யலாம். மாறும் வட்டியுள்ள தனிநபர் வீட்டுக்கடனை முன்கூட்டி முடிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் கணக்கு சுத்தமாக இருக்கும்வரைதான் இன்னொரு வங்கி உங்களை ஏற்கும். டியூ தொடர்ந்து தவறத் தொடங்கினால் அந்தக் கதவு மூடிவிடும்.

சம்பளம் குறைந்தது இரண்டாவது வகை. மேலே சொன்ன 26.61 லட்சப் பாக்கியை மீதமுள்ள 15 ஆண்டிலிருந்து 25 ஆண்டாக நீட்டினால் தவணை 22,300 ரூபாய் அளவுக்கு இறங்கும். குறைவது மாதம் 4,700 ரூபாய்தான். சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தவருக்கு இது போதும், வேலையே போனவருக்குப் போதாது. வேலை போனவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: 4 மாதத்தில் இதே அளவு வருமானம் திரும்பும் என்று சொல்ல, நம்பிக்கையைத் தவிர வேறு ஆதாரம் இருக்கிறதா? கையில் வேலை உத்தரவு இருந்தால், வங்கியில் நகைக்கடன் வாங்கி அந்த 4 மாதத்தைக் கடப்பது புத்திசாலித்தனம். ஆதாரம் எதுவும் இல்லையென்றால் நகையைத் தொடக் கூடாது. வீடு போனால் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவும், அடுத்த சில மாதம் சாப்பிடவும் அந்த நகைதான் இருக்கும்.

வருங்கால வைப்பு நிதியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். உறுப்பினரின் கணக்கில் இருக்கும் இந்த நிதியைக் கடன் கொடுத்தவர் யாரும் ஜப்தி செய்ய முடியாது. சட்டம் அதற்குத் தனிப் பாதுகாப்பு தந்திருக்கிறது. வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. யாரும் தொட முடியாத பணத்தை எடுத்து, வங்கி தொடக்கூடிய வீட்டில் பாதி பாக்கிக்காகப் போடுவது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பணத்தால் கடன் முழுவதும் தீரும், அல்லது பாக்கித் தவணை எல்லாம் தீர்ந்து அடுத்த மாதத் தவணைக்கும் வருமானம் இருக்கிறது என்றால் எடுக்கலாம். ‘இரண்டு மாதம் சமாளிக்கலாம்’ என்பதற்காக எடுக்கக் கூடாது.

வீட்டுக்கடன் வாங்கியவர் இறந்து குடும்பம் தவணை கட்ட முடியாமல் நிற்பது மூன்றாவது வகை. கடன் கொடுக்கும்போதே பல வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ஆயுள் காப்பீட்டை அதோடு சேர்த்து, பிரீமியத்தைக் கடன் தொகையிலேயே ஏற்றிவிடுகின்றன. கையெழுத்துப் போட்ட 40 பக்கங்களில் அது எந்தப் பக்கம் என்பதுகூடக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்காது. ஒரு டியூ கட்டும் முன் கடன் அனுமதிக் கடிதத்தையும், கணக்கு அறிக்கையின் முதல் மாதப் பற்றுகளையும் பார்த்துக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் கடன் முழுவதும் அடைபட்டுவிடக்கூடும்.

இனி கடிகாரம். தவணை தேதியிலிருந்து 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. வங்கிக்காரர் சொல்வதுபோல் ‘என்பிஏ’. நாட்களை எண்ணுவது மிகப் பழைய பாக்கியிலிருந்துதான். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று டியூவும் நிற்கும்போது ஏப்ரல் தொடக்கத்துக்குள் ஒரே ஒரு தவணையைக் கட்டினால், அது ஜனவரிப் பாக்கிக்குப் போகும். எண்ணிக்கை பிப்ரவரியிலிருந்து தொடங்கும், ஒரு மாதம் கிடைக்கும். அதே ஒரு தவணையை என்பிஏ ஆன மறுநாள் கட்டினால் அந்தப் பலன் இல்லை. பாக்கி அசலும் வட்டியும் முழுவதும் கட்டினால்தான் கணக்கை மறுபடி நல்ல கணக்காக மாற்ற முடியும் என்று 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. 89ஆம் நாளில் கட்டும் 27 ஆயிரத்துக்கும் 92ஆம் நாளில் கட்டும் 27 ஆயிரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் கிளை மேலாளருக்குத் தெரியும். கட்டுகிறவருக்கும் தெரிய வேண்டும்.

வீட்டை விற்பதென்று முடிவெடுக்க மிகச் சரியான நேரமும் இந்த 90 நாள்தான். அதற்குப் பிறகு வருவது 13(2) நோட்டீஸ். அடமானச் சொத்தை நீதிமன்றத்துக்குப் போகாமலே விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தில் அந்தப் பிரிவின் கீழ், பாக்கித் தவணையை மட்டுமல்லாமல் மொத்தக் கடனையும் 60 நாளில் கட்டச் சொல்வார்கள். அந்த நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, வங்கியின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று அதே பிரிவின் 13ஆம் உட்பிரிவு தடுக்கிறது. விற்கவே முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. வங்கிக்கும் பணம்தான் வேண்டும். ஆனால் நோட்டீசுக்கு முன் நீங்கள் வைத்ததுதான் விலை. நோட்டீசுக்குப் பின் வாங்க வருகிறவர் உங்கள் அவசரத்தைத் தெரிந்துகொண்டே பேசுவார்.

கடன் இருக்கும் வீட்டை விற்க முடியாது என்று நம்புகிறவர்கள் இன்னமும் நிறைய இருக்கிறார்கள். வீட்டுப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைப்பதாலேயே அடமானம் ஏற்பட்டுவிடும் என்ற ஏற்பாடு 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலிருந்து வருகிறது. கல்கத்தா, பம்பாயோடு சென்னையையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பத்திரம் வங்கியில் இருக்கும்போதே வீடு கைமாறுவது அன்றாடம் நடப்பதுதான். இன்றைய தேதிக்குக் கடனை முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கடிதத்தையும், வங்கியிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். பத்திர நகல்கள், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீதுகளோடு அவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். வாங்குகிறவரும் வங்கிக் கடன் எடுப்பவராக இருந்தால் நல்லது, உங்கள் வங்கியிலேயே எடுப்பவராக இருந்தால் மிக நல்லது. அவருடைய வங்கி, கிரய விலையில் உங்கள் பாக்கி அளவுக்கு வரைவோலையை நேரே உங்கள் கடன் கணக்குக்குக் கொடுத்துவிடும். மிச்சம் உங்கள் கைக்கு வரும். அடமானப் பதிவை ரத்து செய்யும் ரசீதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் வில்லங்கச் சான்றிலும் அது ஏறிவிடும். கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி உத்தரவு 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

இந்த வேலைகளுக்கு இரண்டு மூன்று மாதம் சாதாரணமாகப் பிடிக்கும். அதனால்தான் முதல் மாதமே தொடங்கச் சொல்வது. விற்பனையில் ஒரு பொறியும் இருக்கிறது. ‘வங்கிப் பாக்கியை நான் கட்டுகிறேன், பேருக்கு ஒரு பவர் எழுதிக் கொடு, ஒரு வருஷத்தில் பணத்தைக் கொடுத்துத் திருப்பிக்கொள்’ என்று வரும் ஃபைனான்ஸ்காரரிடம் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். பவர், கிரய ஒப்பந்தம், வெற்றுப் பத்திரம் எதுவானாலும் சரி. வங்கி ஏலத்திலாவது விதிகள் உண்டு, விளம்பரம் உண்டு, மிச்சப் பணம் திரும்ப வரும் வழி உண்டு. இங்கே எதுவும் கிடையாது.

விலையில் எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? 50 லட்சம் பெறும் வீட்டை 46 லட்சத்துக்குக் கேட்கிறார்கள், பாக்கி ஏறி 29 லட்சம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தரகு போக 16 லட்சம் கையில் நிற்கும். ‘4 லட்சம் நஷ்டத்துக்குக் கொடுப்பதா’ என்று மறுத்து, வீடு ஏலத்துக்குப் போய், முதல் ஏலத்தில் ஆள் வராமல் அடிப்படை விலை குறைக்கப்பட்டு 36 லட்சத்துக்குப் போனால், அதற்குள் ஏறிய வட்டியும் செலவும் போக 4 லட்சமோ 5 லட்சமோ மிஞ்சலாம். ‘எங்கே உள்ளதோ அங்கே, எப்படி உள்ளதோ அப்படி’ என்ற நிபந்தனையோடு, வில்லங்கம் எதற்கும் வங்கி பொறுப்பில்லை என்று அறிவித்து விற்கும் சொத்துக்கு யாரும் முழு விலை தர மாட்டார்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டது என்றாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். வங்கி அதை ஏற்காவிட்டால் 15 நாளில் காரணம் சொல்லிப் பதில் தர வேண்டும். இந்த உரிமை மூலச் சட்டத்தில் இல்லை. மார்டியா கெமிக்கல்ஸ் என்ற நிறுவனம் தொடுத்த வழக்கில் 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லும் என்று சொன்னாலும், கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகும் கடன்தாரர் கேட்கப்படும் தொகையில் 75 சதவீதத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை ரத்து செய்தது. ஆட்சேபத்தை வங்கி பரிசீலித்துக் காரணம் சொல்ல வேண்டும் என்றும் கூறியது. அதன் பிறகே 13(3ஏ) சேர்ந்தது. பெரிய நிறுவனம் போராடிப் பெற்ற இந்த உரிமையை வீட்டுக்கடன் வாங்கியவர்களில் மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள். என்ன எழுதுவது? கட்டிய பணம் வரவு வைக்கப்பட்டிருக்கிறதா, என்பிஏ தேதி சரியா, அபராதக் கட்டணத்துக்கு மேல் வட்டி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியில் சொன்னதை ரிசர்வ் வங்கி 2023இல் தடை செய்துவிட்டது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தாலோ, அடமானம் விவசாய நிலமாக இருந்தாலோ இந்தச் சட்டமே பொருந்தாது. கொடுத்தது வங்கியா, வங்கியல்லாத நிதி நிறுவனமா என்பதையும் பாருங்கள். வீட்டுவசதி நிதி நிறுவனம் நீங்கலாக, அத்தகைய நிதி நிறுவனம் 20 லட்சத்துக்குக் குறைந்த கடனுக்கு இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. பிழை எதுவும் இல்லாவிட்டாலும், ‘வீட்டை நாங்களே விற்றுக் கடனை அடைக்கிறோம், இத்தனை நாள் அவகாசமும் விற்பதற்குச் சம்மதமும் வேண்டும்’ என்று வாங்குபவரின் கடிதத்தை இணைத்து எழுதலாம். பின்னால் எந்த மேசைக்குப் போனாலும் அந்தக் கடிதம் உங்கள் நேர்மைக்குச் சாட்சி.

60 நாள் முடிந்ததும் வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் வந்து கதவில் அறிவிப்பை ஒட்டுவார். இது காகிதச் சுவாதீனம்தான், குடும்பம் உள்ளேயே இருக்கும். இதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன. முன்சீப் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சிவில் நீதிமன்றத்தின் அதிகாரத்தை இந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு தடுக்கிறது. தீர்ப்பாயம் என்ற வழி இருக்கும்போது உயர் நீதிமன்றங்கள் ரிட் மனுவை எளிதில் ஏற்கக் கூடாது என்று சத்யவதி டான்டன் வழக்கில் 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்து 14ஆம் பிரிவில் தலைமை நீதித்துறை நடுவரிடமோ ஆட்சியரிடமோ உத்தரவு வாங்கி வருவார்கள். அப்போது பெரும்பாலும் வழக்கறிஞர் ஆணையரும் காவலரும் கூடவே வருவார்கள். பூட்டியிருந்தால் பூட்டை உடைத்து, உள்ளே இருக்கும் பீரோ, கட்டில், பாத்திரம் வரை பட்டியல் எடுத்து, சீல் வைப்பார்கள். அந்த நாள்வரை காத்திருக்காமல், தேதி தெரிந்தவுடன் பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை, மருந்து, தையல் இயந்திரம் போன்ற தொழில் கருவிகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தான தவறான நம்பிக்கை ஒன்று உண்டு. ‘ஏலத்தன்று காலையில் பணத்தைக் கட்டினால்கூட வீட்டை மீட்டுவிடலாம்’ என்பது. ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மையாக இருந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டம் அடமானம் வைத்தவருக்கு மீட்கும் உரிமையைத் தாராளமாகத் தந்தது. சர்ஃபாசியிலும் விற்பனைக்குக் குறித்த தேதிவரை கட்டலாம் என்றிருந்தது. 2016 செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தம் 13(8)ஐ மாற்றியது. இப்போது கெடு, ஏல அறிவிப்பு வெளியாகும் நாள். 2023இல் செலிர் – பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் ஏலத்துக்குப் பின் முழுப் பாக்கியையும் கட்ட முன்வந்த கடன்தாரரை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அறிவிப்பு வெளியானதோடு மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்றது. முதல் ஏலத்துக்கு முன் 30 நாள் அறிவிப்புக் காலம் உண்டு. அந்த 30 நாளில் பணத்தோடு போனால் வங்கி விரும்பி ஏற்கலாம். ஏற்றே ஆக வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை இல்லை.

வட்டியில் தள்ளுபடி கேட்டு ‘ஒன் டைம் செட்டில்மென்ட்’ பேசலாமே என்பார்கள். பேசலாம். ஆனால் அது கடன்தாரரின் உரிமை இல்லை, தரச் சொல்லி நீதிமன்றம் வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பிஜ்னோர் நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வங்கியின் இடத்திலிருந்து பாருங்கள். 29 லட்சத்துக்கு 50 லட்சம் பெறும் வீடு கையில் இருக்கும்போது அது ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? வீட்டின் மதிப்பு கடனைவிடக் குறைவாகவோ, சொத்தில் வழக்கு இருந்து விற்பதே கடினமாகவோ இருந்தால்தான் பேரத்தில் உங்களுக்குப் பலம் உண்டு. முடிந்தால் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பதிவாகி, அடுத்த கடனுக்குப் பல ஆண்டு தடையாக இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

அமெரிக்காவில் 2008 நெருக்கடியின்போது வீட்டு விலை கடனுக்குக் கீழே இறங்கியதும் பலர் சாவியை வங்கியிடம் விட்டுப் போனார்கள். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில், குடியிருக்க வீடு வாங்கிய கடனுக்கு வீட்டைத் தாண்டி வங்கி பெரும்பாலும் எதையும் கேட்க முடியாது. இங்கே அந்த வசதி கிடையாது. ஏலத்தொகை போதாவிட்டால், மீதிக்குத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து உங்கள் மற்ற சொத்துகளையும், ஜாமீன் போட்டவரையும் தொடரலாம் என்று 13(10) சொல்கிறது. சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவது இங்கே தப்பிக்கும் வழி ஆகாது. அதேபோல் ஏலத்தில் கடனைவிட அதிகம் கிடைத்தால், செலவும் கடனும் போக மிச்சம் உங்களுடையது. வங்கி தானாகக் கூப்பிட்டுத் தரும் என்று காத்திருக்காமல் கணக்கும் மிச்சமும் கேட்டு எழுதுங்கள். ஊரைவிட்டுப் போய்விட்ட குடும்பங்கள் பல, தமக்குச் சேர வேண்டியது இருக்கிறது என்பதே தெரியாமல் இருந்துவிடுகின்றன.

இந்தச் சட்டத்தின் வேர், வங்கிச் சீர்திருத்தத்துக்கான நரசிம்மம் குழு, அந்தியாருஜினா குழு ஆகியவற்றின் பரிந்துரைகளில் இருக்கிறது. பணம் இருந்தும் கட்டாமல், வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்த பெரும் கடன்தாரர்களை மனதில் வைத்துக் கேட்கப்பட்ட அதிகாரம் இது. அது இன்று ஒரே வீடு உள்ள குடும்பத்தின் மேல் அதே எடையோடு இறங்குகிறது. தொழிற்சாலை நிலத்துக்கும் குடியிருக்கும் வீட்டுக்கும் ஒரே கெடு வைப்பது நியாயமில்லை. குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு மட்டுமாவது, ஏலம் முடியும் நாள்வரை முழுப் பாக்கியைக் கட்டி மீட்கும் உரிமையை நாடாளுமன்றம் திருப்பித் தர வேண்டும். வங்கிக்கு அதில் ஒரு ரூபாயும் நட்டமில்லை. இத்தனை எளிய திருத்தத்துக்கு எந்தக் கட்சியும் குரல் கொடுத்ததாகத் தெரியவில்லையே என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

சட்டம் மாறும்வரை கையில் இருப்பதைக் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மீறினால் முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்யுங்கள், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கவும் இடமுண்டு. வீட்டுக்கடனில் கையெழுத்துப் போட்ட மனைவிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வழக்கறிஞரைப் பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தீர்ப்பாய வழக்குக்கும் அது பொருந்தும். நோட்டீசோடும் கணக்கு அறிக்கையோடும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.